சீனிக்குப் பதில் கருப்பட்டியா?

"சீனியைத் தொட்டே ஆறு மாசமாச்சு டாக்டரய்யா. காபி, பாயசம், பணியாரம்... எல்லாத்துக்கும் கருப்பட்டிதான். பொறவும் சுகர் இறங்க மாட்டேங்கே!"

மாப்பிள்ளையூரணியில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஓர் அம்மா இப்படிக் குறைப்பட்டுக்கொண்டார். பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். சர்க்கரை முன்பு இருந்ததைவிட ஏறியிருந்தது. "சின்ன வயசுல சாப்பிட்டதுதானே டாக்டர், அது என்ன செய்யப்போகுது?" என்றார் கூட வந்த மகள். இதே கேள்வி உங்களுக்கும் இருக்கலாம். சித்த வைத்தியனே கருப்பட்டியைக் குறை சொல்கிறானே என்று கோபப்படாமல் கொஞ்சம் கேளுங்கள்.

கருப்பட்டியில் சுண்ணாம்புச் சத்து உண்டு, இரும்புச் சத்து உண்டு. எங்கள் மருந்துகளிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். கடைச் சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்! நீரிழிவுக்காரர் உடம்பு, இது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. அந்த 10 கோடியில் ஒருவராக இருந்தால், கருப்பட்டியைச் சீனியின் கணக்கிலேயே வையுங்கள்.

சரி, நோய் இல்லாதவர்கள் சாப்பிடலாம் அல்லவா? தாராளமாக. ஆனால் கருப்பட்டி எங்கே கிடைக்கிறது?

நான் சொல்வது பழைய கருப்பட்டி. மாசி, பங்குனியில் பாளை விட்டதும் பனையேறுபவர் காலையிலும் மாலையிலும் மரமேறுவார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை விடிலியில் வைத்து வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். பாகு பதமானதும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. பாகு இறுகுவதற்கு முன் கூப்பனியை ஓலையில் வாங்கி நக்கியவர்களுக்கு அந்த ருசி இன்னும் நாக்கிலேயே இருக்கும். எனக்கும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்!

ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். ஏறுகிற கூலி, விறகு, அடுப்படியில் நிற்கிற பெண்ணின் உழைப்பு... எல்லாம் சேர்ந்தால் சீனியைவிடப் பல மடங்கு விலை வரத்தான் செய்யும். கடையில் மலிவாகக் கிடைக்கிறதா? அதில் காய்ச்சும்போதே சீனியைக் கரைத்திருப்பார்கள். நீங்கள் சீனியை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு, கூடுதல் காசு கொடுத்து அதையே வாங்கி வருகிறீர்கள்!

உடன்குடி, வேம்பார் என்று பெயர் எழுதியிருந்தால் மட்டும் போதாது. யார் காய்ச்சியது என்று கேட்டு வாங்குங்கள். நல்ல கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும். அதனால்தான் நம் பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்திருந்தார்கள். கசிகிறதே என்று அதைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கும் திட்டமும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் மரத்தில் ஏற ஆள் வேண்டாமா? தூத்துக்குடியைச் சுற்றி ஏறப்படாமல் நிற்கிற பனைகளே ஏராளம். ஏறியவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு உயரத்தில், நெஞ்சில் காய்ப்புக் காய்க்க ஏறி இறங்குகிற தொழிலை நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்போமா? அப்புறம் அவரிடம் போய், கருப்பட்டி விலை அதிகம் என்று பேரம் பேசுகிறோமே!

பழைய ருசிதான் வேண்டும் என்றால் பனையில் வேறு பண்டம் இல்லையா? சித்திரை, வைகாசியில் இளநுங்கு. மேல்தோலோடு சாப்பிடுங்கள், அந்தத் துவர்ப்பு வயிற்றுக்கு நல்லது. பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் இதைப் பச்சையாகக் காயவைத்து ஒடியல், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் என்று வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை. வருகிற ஒரு மாதத்தையும் விட்டுவிடுகிறோம்.

கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, நடுத்தண்டையும் நாரையும் எடுத்துவிட்டு, நல்ல மிளகுப்பொடி தொட்டுச் சாப்பிடலாம். நார்ச்சத்து மிகுதி. மாவுச்சத்தும் உண்டு. அதனால் நீரிழிவுக்காரர்கள் அந்த வேளைச் சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு ஒன்றிரண்டு கிழங்கோடு நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ காபிக்கு?"

"சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டு, இனிப்பில்லாம குடிங்கம்மா."

"அது காபியா டாக்டரய்யா... கசாயம்லா!" என்றார் மகளைப் பார்த்து.