அழுத்தம் ஏறினால் போதுமா?

என் நாத்தனாருக்குக் காலில் முள் குத்தியது. "மஞ்சள் பத்துப் போட்டிருக்கேன் அண்ணி, சரியாயிடும்" என்றாள். மூன்றாம் நாள் குளிர் ஜுரம், மூச்சிரைப்பு, பேச்சில் குழறல். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கிருமியின் வேகத்தில் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. "செப்டிக் ஷாக்" என்றார் டாக்டர்.

ஆன்டிபயாடிக்கும் சலைனும் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். பிறகு ஒரு நாள், "அழுத்தத்தை ஏத்தினாப் போதாதா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சொன்ன கதை இது.

இந்த நிலையில், உடம்பிலுள்ள ஒரு என்ஸைம் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை அளவுக்கு மீறி உண்டாக்க, ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடுகின்றன. அந்த என்ஸைமை அடக்கும் மருந்தை, இதே போன்ற நிலையை உண்டாக்கிய நாய்களுக்கு 1990-ல் கொடுத்தார்கள். விழுந்த அழுத்தம் நிமிர்ந்தது! பின்னர் 797 நோயாளிகளிடம் சோதனை. முடிவு 2004-ல் வெளியானது. அவர்களுக்கும் அழுத்தம் ஏறியது. ஆனால் 28 நாளுக்குள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேர் இறந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் 49 பேர்தான். சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாயு அளவோடு இருந்தால்தான் உறுப்புகளுக்கு ரத்தம் ஓடுமாம். உப்பு கூடிப்போச்சென்று சமையலில் உப்பையே நிறுத்தின கதைதான்!

சகோதரிகளே, புண்ணோ பிரசவமோ, அதன்பின் நடுக்கும் ஜுரம், மூச்சிரைப்பு, குழப்பம், சிறுநீர் குறைவு என்றால் பத்துப் போட்டுக் காத்திருக்காதீர்கள். நாங்கள் இழந்த இரண்டு நாளை நீங்களும் இழக்க வேண்டாம்.