லட்ச லட்சமாகக் கொட்டிக் கட்டிய வீட்டில் தூக்கம் இல்லை!

மதுரையைச் சுற்றிப் புது வீடுகள் முளைத்துக் கொண்டே இருக்கின்றன. ஆனையூர், ஒத்தக்கடை, திருப்பாலை, விளாச்சேரி, எந்தப் பக்கம் போனாலும் ஜல்லியும் மணலும் குவிந்து கிடக்கிறது. இதில் பல வீடுகள் வளைகுடாப் பணம். துபாயிலும் சவூதியிலும் பெண்டாட்டி, பிள்ளைகளைப் பிரிந்து பாடுபட்டு அனுப்பிய பணம்.

வீடு பளபளக்கிறது. முகப்பில் கண்ணாடி. தலைக்கு மேல் கான்கிரீட் தளம். புதுமனை புகுவிழாவும் தடபுடல்தான். சித்திரை பிறந்ததும் அல்லவா சங்கதி தெரிகிறது! ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் சுடுகிறது. மின்விசிறி அனலை அள்ளி வீசுகிறது.

"இம்புட்டுச் செலவு பண்ணியும் மொட்டை மாடியில பாயைப் போட வேண்டியிருக்கே!" என்று வீட்டுக்காரர்கள் புலம்புகிறார்கள். ஏ.சி. வாங்கினால் கரண்டு பில் மாரடைப்பு வர வைக்கிறது.

காரணம் ஒன்றும் மர்மம் அல்ல. பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும் கான்கிரீட், ராத்திரியில் அதை வீட்டுக்குள் கக்குகிறது. அவ்வளவுதான்.

துபாயில் என்ன செய்தார்கள்?

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பணம் எந்த ஊரில் இருந்து வந்ததோ, அந்த ஊர்க்காரர்கள் கரண்டு இல்லாத காலத்திலேயே வெயிலுக்கு வழி கண்டவர்கள்.

பர் துபாயில் அல் பாஹிதி என்ற பழைய குடியிருப்பு உண்டு. பாரசீகக் கரையில் இருந்து வந்த வியாபாரிகள் குடியேறிய இடம். கடல் பவளக்கல்லில் கனத்த சுவர். நடுவில் முற்றம். நிழல் விழும்படி குறுகலான சந்து. வீட்டின் மேல் சதுரமாக ஒரு காற்றுக் கோபுரம். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும். காற்றே இல்லாத நேரத்தில் உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாகவே மேலே ஏறிப் போய்விடும்.

எகிப்தில் இன்னொரு யுக்தி. ஜன்னலுக்கு மரத்தில் சல்லடை மாதிரி கூண்டு. அதற்குள் தண்ணீர் நிறைந்த மண்பானை. வெயில் உள்ளே வராது. காற்று பானையைத் தொட்டுக் கொண்டு ஜில்லென்று வரும். நம் ஊர் வெட்டிவேர்த் தட்டிக்கு அண்ணன், தம்பி!

அவர்களும் இடையில் மறந்தார்கள். 1980களில் அல் பாஹிதியில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். பிறகு விழித்துக் கொண்டு மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். இப்போது அபுதாபி பக்கம் எழுந்துள்ள மஸ்தார் நகரில் 45 மீட்டர் உயரத்துக்குப் புதிதாகவே ஒரு காற்றுக் கோபுரம் நிற்கிறது.

மகாலைப் பாருங்கள்!

நாம் துபாய்க்குப் போக வேண்டியது இல்லை. திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால் போதும். 1636ல் கட்டியது. வளைவுகளும் குவிமாடமும் இஸ்லாமியக் கட்டடக் கலையில் இருந்து வந்தவை. செங்கல்லும் சுண்ணாம்பும் நம் கைவேலை. திறந்த முற்றம், உயர்ந்த கூரை. நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக் கொள்வதில் நாயக்கர் கூச்சப்படவில்லை.

நம் பழைய வீடுகளில் மட்டும் என்ன குறை? திண்ணை, நடு முற்றம், சுண்ணாம்புச் சுவர், மாடியில் தட்டோடு, எல்லாமே வெயிலுக்குப் போட்ட கடிவாளம். "பழைய ஃபேஷன்" என்று நாமே இடித்துவிட்டோம்.

திருடன் வர மாட்டானா?

"முற்றம் வைத்தால் திருடன் இறங்குவான், கொசு வரும்" என்கிறார்கள். நியாயமான பயம்தான். மேலே இரும்புக் கிராதி, அதன் கீழ் கொசுவலை. தீர்ந்தது கவலை. "ரெண்டு சென்ட்டில் முற்றத்துக்கு எங்கே போவது?" அவர்கள் மாடிப்படிக் கூண்டின் உச்சியில் ஜன்னல் வைத்துத் திறந்து விட்டாலே சூடு வெளியேறும். ஆடிக் காற்று அடிக்கும் மேற்குப் பக்கம் ஜன்னல், அதற்கு மேல் அகலமான சன்ஷேடு, தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு. இதற்கு லட்சங்கள் தேவை இல்லை.

சந்தேகம் இருந்தால் திருவனந்தபுரம் போகிறவர்கள் தம்பானூரில் இந்தியன் காபி ஹவுசைப் பார்க்கட்டும். லாரி பேக்கர் கட்டியது. சுவர் பூராவும் செங்கல் ஓட்டை. காபியும் குடிக்கலாம், காற்றும் வாங்கலாம்!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எகிப்தில் ஹசன் பாத்தி என்ற நிபுணர் 1940களில் லக்சர் அருகே மண்கல்லில் அழகான கிராமமே கட்டினார். யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் குடிவரவில்லை. குடியிருக்கப் போகிறவன் மனம் ஒப்பாமல் எந்த வீடும் நிறையாது. ஆகவே சட்டம் போட்டு முற்றத்தைத் திணிக்க வேண்டாம்.

கவனிப்பார்களா?

2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டில்தான், குடிசைகளை மாற்றி 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் வெப்பம் பேரிடர். இன்னொரு பக்கம் ஏழைக்கு வெயிலைக் குடிக்கும் கூரை! ஓலைக் குடிசை ஒழுகும், தீப்பிடிக்கும், உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் உயிரை வாங்காது. கண்ணாடி வீட்டுக்காரர் ஏ.சி. போட்டுத் தப்பித்துக் கொள்வார். அரசு வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் கிழவி என்ன செய்வாள்?

பிளான் அனுமதி கேட்டு வருகிறவர் கையில் இரண்டு மாதிரி வரைபடங்களைக் கொடுத்தால் என்ன? ஒன்று முற்றத்தோடு, மற்றது சின்ன மனைக்கு. அரசு கட்டும் வீடுகளில் சன்ஷேடும் வெள்ளைத் தளமும் சேர்த்தால் என்ன?

2003ல் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி என்றதும் முணுமுணுத்தவர்கள் எத்தனை பேர்! ஆனாலும் கட்டினார்கள். கிணற்றில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தபின் வாயை மூடிக் கொண்டார்கள். மழையைப் பிடிக்கக் கற்ற ஊர், காற்றைப் பிடிக்கக் கற்க முடியாதா?

அடுத்த சித்திரைக்குள் மாநகராட்சி யோசிக்கட்டும். அதுவரை மதுரைக்காரனுக்கு மொட்டை மாடிதான் கதி!