சாவி ஓரிடம், கணக்கு ஓரிடம்

தினசரியில் ‘டி.எம்.சி.’ என்ற மூன்று எழுத்தைக் கண்டதும், “இது ஆண்பிள்ளைகள் சண்டை, நமக்கு எதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள் அல்லவா? இந்த வாரம் கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! அந்த மூன்று எழுத்துக்குள் உங்கள் சமையலறைக் குழாயும் அடங்கியிருக்கிறது.

சென்னையில் ‘வீராணம் தண்ணீர்’ என்று பிடித்து வைக்கிறோமே, அது எங்கே பிறந்த தண்ணீர்? மேட்டூரைவிட்டுப் புறப்பட்டு, கொள்ளிடத்துக் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குள் புகுந்து, அங்கிருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் குழாயிலே பிரயாணம் செய்து வரும் காவேரிதான் அது. 2004-ஆம் ஆண்டிலிருந்து இப்படி வந்துகொண்டிருக்கிறாள். பெங்களூரில் இருக்கும் உங்கள் நாத்தனார் வீட்டுக் குழாயில் வருகிறவளும் அவளேதான். ஒரே பெண்ணுக்கு இத்தனை வீட்டில் வேலை!

ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. குடத்தில் சொன்னால்தான் நமக்குப் புரியும். 15 லிட்டர் பிடிக்கும் குடமானால் ஏறக்குறைய 188 கோடி குடம். “விநாடிக்கு 5,000 கன அடி திறந்தார்கள்” என்று எழுதுகிறார்களே, அது விநாடிக்குப் பத்தாயிரம் குடத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்தத் தண்ணீரைப் பங்கு போட 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. தீர்ப்பு வந்தது 2007-இல். ஓர் ஆண்டில் 740 டி.எம்.சி. கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு நான்கு பங்காளிகளுக்கும் பிரித்தார்கள். பிறகு 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் திருத்தியது. இப்போது தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. பெங்களூர் நகரத்தின் குடிநீருக்கென்றே கர்நாடகத்தின் பங்கில் 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தார்கள். தாகம் யாருக்கும் பொது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் பங்கு முழுவதும் கர்நாடகத்திலிருந்து வருவதில்லை. பெரும்பகுதி நம் எல்லைக்குள்ளே பெய்யும் மழை. அவர்கள் எல்லையில், பிலிகுண்டுலு என்ற இடத்தில், அளந்து விடவேண்டியது 177.25 டி.எம்.சி. அதையும் மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று ஏறி இறங்கி, பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை.

இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளத்தான் 2018 ஜூனில் காவேரி நீர் மேலாண்மை ஆணையம் பிறந்தது. ஆணையம் இருப்பது டில்லியில். அதன் கையாளான ஒழுங்காற்றுக் குழு பெங்களூரில். எந்த அணையில் எவ்வளவு இருப்பு, எவ்வளவு வரவு, எத்தனை மழை என்று குழு கணக்கெடுத்து, இவ்வளவு திறக்கலாம் என்று சொல்லும். ஆணையம் அதை முடிவு செய்யும்.

நம் வீடுகளில் அதிகாரம் யாரிடம் என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? இடுப்பில் சாவிக் கொத்து யாரிடம் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். ஆணையத்தின் இடுப்பில் ஒரு சாவிகூடக் கிடையாது! கிருஷ்ணராஜசாகரத்தின் மதகும் கபினியின் மதகும் கர்நாடகத்தார் கையில். மேட்டூர் மதகு நம்மவர் கையில். பெரியம்மாவிடம் இருப்பது கணக்கு நோட்டு மட்டும். மழை பெய்தால் எல்லாரும் பெரியம்மா சொன்னபடி கேட்கிறார்கள். சொல்லப் போனால், பெரியம்மாவே அப்போது தேவையில்லை.

மழை பொய்த்தால்தான் சங்கடம். 2023-இல் அப்படித்தான் நேர்ந்தது. கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கும் வரவேண்டிய நீரில் செப்டம்பர் வரை பாதிக்குமேல் வரவில்லை. 5,000 கன அடி விடு என்றது குழு; பிறகு 3,000 என்றது. அங்கே பெங்களூரில் கடையடைப்பு. இங்கே தஞ்சைத் தரணியில் குறுவைப் பயிர் வாடிற்று. குறைந்த காலத்தில் எல்லாரும் அவரவர் பங்கின் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எந்தத் தேதியில், எதை வைத்துக் குறைவை அளப்பது என்பதில்தான் தகராறு.

இதிலே நம் பெண்களுக்கு நேரும் கஷ்டம் ஒன்று உண்டு; அதை யாரும் டி.எம்.சி.யில் அளப்பதில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அன்று திறந்தால் நாற்றங்கால் விட்டு, நாற்றுப் பறித்து, நடவு நடலாம். நடவு என்பது பெண்கள் வேலை. விடியற்காலையில் சேற்றில் இறங்கி, இடுப்பை வளைத்து நட்டு, கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். வீட்டில் அன்றைக்கு உலை கொதிக்கும். தண்ணீர் தாமதமானால் குடியானவர் என்ன செய்வார்? காய்ந்த நிலத்தில் விதையை நேரே தெளித்துவிடுவார். அவருக்கு ஒரு வழி பிறந்தது. நாற்றும் இல்லை, நடவும் இல்லை, கூலியும் இல்லை என்று ஆகிவிட்டது அந்தப் பெண்களுக்கு.

2024-ஐப் பாருங்கள். ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை; இருப்பு இல்லை. ஜூலை நடுவில் நாள் ஒன்றுக்கு ஒரு டி.எம்.சி. கேட்டு வழக்காடிக்கொண்டிருந்தபோதே மேற்கே மழை கொட்டிற்று. ஜூலை 28-இல் மேட்டூர் திறந்தார்கள். 30-ஆம் தேதி அணை 120 அடி நிரம்பி வழிந்தது. மிஞ்சின நீர் கொள்ளிடத்தில் ஓடிக் கடலில் கலந்தது. ஆடிப் பெருக்கன்று ஆற்றிலே வெள்ளமான வெள்ளம்! ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், வரவேண்டியதற்கு மேலேயே வந்துவிட்டது. ஆனால் குறுவைக்கு மேட்டூரை நம்பியிருந்த வயல்களில் நடவு போனது போனதுதான். முதல் தேதியில் வரவேண்டிய சம்பளம் மாதக் கடைசியில் இரட்டிப்பாக வந்தால், நடுவில் அடகு வைத்த வளையலைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

ஆகையால், “177 வந்ததா, இல்லையா?” என்று கேட்பதோடு, “ஜூனுக்கு உரிய 9.19 ஜூனிலேயே வந்ததா?” என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பற்றாக்குறை ஆண்டுக்கு உரிய கணக்கை அணைகள் நிரம்பியிருக்கும்போதே பேசி முடித்துக்கொள்வதும் நல்லது. குதிர் நிறைய நெல் இருக்கும் தை மாதத்தில் பாகம் பிரித்தால் அண்ணன் தம்பிகள் பெருந்தன்மையாக இருப்பார்கள். ஐப்பசியில் அடியைச் சுரண்டும்போது பிரித்தால் படி அளக்கிற கை நடுங்கும். 2025-இல் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் திறந்து, அந்த மாதக் கடைசியில் அணையும் நிரம்பிற்று. பேசுவதற்கு அதைவிட நல்ல வேளை எப்போது வாய்க்கும்?

இன்னொன்று. ஆணையத்தில் பொறியியல் வல்லுநர்கள், மத்திய அதிகாரிகள், நான்கு அரசுகளின் பிரதிநிதிகள் எல்லாருக்கும் நாற்காலி இருக்கிறது. வயலில் இறங்குகிறவர்களுக்கென்று ஒன்றும் இல்லை. நடவுக்குப் போகிற ஒருத்தியை, வருஷத்தில் ஒரே ஒரு நாள், மே மாதக் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைத்தால் என்ன? தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். எந்தத் தேதியில் வேண்டும் என்று சொல்லிவிடுவாள்.