சாகும் தறுவாயிலாவது சிறைக்கதவு திறக்கட்டும்

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் 83 வயதுக் கிழவர். தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஒரு சிப்பர் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார். பதில் சொல்லவே 20 நாள் அவகாசம் கேட்டது தேசியப் புலனாய்வு முகமை.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமியைத்தான் சொல்கிறேன். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைதானார். 2021 மே மாதம் காணொலி வழியே மும்பை உயர்நீதிமன்றத்தில் பேசினார். சிறைக்கு வரும்போது நடந்தேன், தானே குளித்தேன், எழுதினேன். இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்றார். இடைக்காலப் பிணை கொடுங்கள், என் மக்களோடு இருக்கிறேன் என்பதே கோரிக்கை. கிடைக்கவில்லை. தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஜூலை 5 அன்று அங்கே, விசாரணைக் கைதியாகவே இறந்தார். விசாரணை தொடங்கவே இல்லை.

சிறையில் அவரைப் பார்த்துக்கொண்டது யார்? அவரே கடிதத்தில் எழுதினார். சாப்பிடவும் குளிக்கவும் உதவியவர்கள், துணி துவைத்தவர்கள், முழங்காலை நீவிவிட்டவர்கள் எல்லோரும் சக கைதிகள். மரணப் படுக்கையில் இருப்பவருக்கு நம் சிறைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பராமரிப்பு இதுதான்.

ஸ்டேன் சுவாமிக்குப் பெயர் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள். கட்சிரோலியின் பழங்குடி இளைஞர் பாண்டு நரோட்டே, பேராசிரியர் சாய்பாபாவோடு தண்டிக்கப்பட்டவர். 2022 ஆகஸ்டில், சிறைவாசத்திலேயே நோயுற்று 33 வயதில் இறந்தார். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட அனைவரையும் 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் சுமார் 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்கள். அவர்களில் ஒருவர் சிறையில் செத்தால், எந்த நீதிபதியும் எழுதாத மரண தண்டனை நிறைவேறிவிடுகிறது.

கண்ணியமான மரணம் அரசமைப்புச் சட்டம் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோயுற்றவருக்குப் பிணை வழங்கலாம் என்று குற்ற நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. ஆனால் கைதிதான் மனுப்போட வேண்டும். வக்கீல் வைக்க வழியில்லாதவர் என்ன செய்வார்? ஊபா வழக்கென்றால் பிணைக்கே பெரும் தடை.

கைதானதும் நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் படுத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். சலுகையாக இருக்கும்வரை அது அவர்களுக்கே போகும். எனவே விதியாக்கக் கேட்போம். தீராநோய் என்று சிறை மருத்துவர் கண்டறிந்த உடனே அறிக்கை தானாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நாள் குறித்து முடிவெடுக்க வேண்டும். வெளியே போக வீடில்லாதவருக்கு அரசு இடம் தர வேண்டும். உள்ளே இருக்கும்வரை வலிக்கு மார்ஃபினும், நோய்த் தணிப்புச் சிகிச்சையும், பக்கத்தில் உட்காரச் சொந்தங்களும் வேண்டும்.

ஆணவக் கொலை செய்தவனுக்கும் இதுவா என்று கேட்பீர்கள், தோழர்களே. எனக்கும் கசக்கிறது. ஆனாலும் ஆம். தண்டனை என்பது விடுதலையைப் பறிப்பது. சாகிறவனுக்கு வலி மருந்தை மறுப்பது தண்டனையில் சேராது. யாருக்கு மறுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சிறைக்குக் கொடுத்தால், முதலில் மறுக்கப்படுவது நம் மக்களுக்குத்தான்.