பாட்டு அவரோடது, பத்திரம் வேற பேர்ல

வழக்கமா இங்க நெல்லு, கரும்பு, மாடுன்னுதான் எழுதுவேன். இன்னைக்கு அமெரிக்காவில் இருக்கிற ஒரு பாட்டுக்காரரைப் பத்தி எழுதுறேன். பேரு ஜான் ஃபோகர்ட்டி. 1945-ல் பிறந்தவர். எண்பது வயசுலயும் கிடாரை மாட்டிக்கிட்டு மேடை ஏறுற மனுஷன். என் பையன் போன்ல போட்டுக்காட்டித்தான் எனக்குப் பழக்கம். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனா அந்தக் குரலுக்கு அகராதி வேண்டியதில்லை. களத்துமேட்டுல நின்னு நாலு வயல் தாண்டி இருக்கிற ஆளைக் கூப்பிடுற தொண்டை அது.

கலிபோர்னியாவில் எல் செரிட்டோன்னு சின்ன ஊர். அஞ்சு ஆம்பளைப் பசங்கள்ல இவர் மூணாவது. கூடப் படிச்ச ஸ்டூ குக், டக் கிளிஃபோர்டு ரெண்டு பேரோட 1959-லயே குழு ஆரம்பிச்சாச்சு. அப்புறம் அண்ணன் டாம் சேர்ந்தார். முதல்ல பாடினது அண்ணன்தான். 1964-ல் ஃபேன்டசிங்கிற ரெக்கார்டு கம்பெனியில் சேர்ந்தாங்க. கம்பெனி இவங்களுக்கு 'கோலிவாக்ஸ்'னு ஒரு பேரு வச்சது, பசங்களுக்குச் சுத்தமா பிடிக்கலை. அதே கம்பெனியில ஜான் பார்சல் அனுப்புற வேலையும் பார்த்திருக்கார். நடுவுல ராணுவ ரிசர்வ் சேவை வேற. 1968-ல்தான் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்'னு பேரை மாத்தினாங்க.

அதுக்கப்புறம் வந்தது விளைச்சல். 1969, ஒரே வருஷத்துல மூணு ஆல்பம். 'பிரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'கிரீன் ரிவர்', 'ஃபார்ச்சுனேட் சன்' எல்லாம் அந்த ஒரு வருஷத்துல வந்ததுதான். ஆகஸ்ட்ல வுட்ஸ்டாக் மேடையும் ஏறினாங்க. ஒரே வருஷத்துல மூணு போகம் எடுத்தா எங்க ஊர்ல மண்ணு செத்துப்போகும். இவருக்கு மூணும் முழு மகசூல். எழுதினது, பாடினது, முன்னாடி நின்னு கிடார் வாசிச்சது, எப்படிப் பதிவு பண்ணணும்னு முடிவு பண்ணினது, பெரும்பாலும் ஜான் ஒருத்தர்தான். அப்போ வயசு 24.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்து மத்த குழுக்கள் அந்தக் காலத்துல ஒரே பாட்டைக் கால் மணி நேரம் இழுப்பாங்களாம். இவரோட பாட்டு பெரும்பாலும் ரெண்டரை, மூணு நிமிஷத்துல முடிஞ்சிரும். சொல்ல வந்ததைச் சொல்லிட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போற ஆளு மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'கிரீன் ரிவர்'. சின்னப் பிள்ளையா இருந்தப்போ குடும்பத்தோட விடுமுறைக்குப் போன புட்டா கிரீக்ங்கிற ஓடைதான் அந்தப் பாட்டுல இருக்கிற ஆறு. பேரு மட்டும் ஒரு எலுமிச்சை சர்பத்து பாட்டில் லேபிள்ல இருந்து எடுத்தது! ஓடைத்தண்ணியில காலை விட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கிடார் சத்தம் புரியும். 'ஃபார்ச்சுனேட் சன்' வேற ஜாதி. வியட்நாம் போருக்கு ஏழை வீட்டுப் பிள்ளையை அனுப்பிட்டு, பெரிய வீட்டுப் பிள்ளைங்க வீட்டுலயே இருக்கிறதைப் பார்த்து வந்த கோபம். ராணுவ உடுப்பு போட்டவர் கேட்ட கேள்விங்கிறதால அதுக்கு ஒரு எடை இருக்கு.

இனி நான் சொல்ல வந்தது. முதல் ஒப்பந்தம் போட்டப்போ அவருக்கு இருபது வயசுகூட ஆகலை. பாட்டு உரிமை கம்பெனி கைக்குப் போயிருச்சு. 1972-ல் குழு உடைஞ்ச பிறகும் ஒப்பந்தம் அவரை விடலை. 1980-ல், கழட்டி விட்டாப் போதும்னு தனக்கு வரவேண்டிய ராயல்டியையே விட்டுக்கொடுத்து வெளிய வந்தார். 1985-ல் புதுப்பாட்டு ஒண்ணு வெளியிட்டா, அது எங்ககிட்ட இருக்கிற உன் பழைய பாட்டு மாதிரியே இருக்குன்னு கம்பெனி வழக்குப் போட்டது! தன்னைத்தானே காப்பியடிச்சதா ஒரு வழக்கு. கிடாரைக் கோர்ட்டுக்கே கொண்டுபோய் வாசிச்சுக் காட்டி 1988-ல் ஜெயிச்சார்.

கையெழுத்துப் போட்டா முடிஞ்சது, அப்புறம் என்ன புலம்பல்னு சிலர் கேட்பாங்க. என்னால ஒத்துக்க முடியலை. ஆலைக்குக் கரும்பு பதிவு பண்றவங்களைக் கேட்டுப் பாருங்க. வளர்த்தது நாம, வெட்டு உத்தரவு அவங்க கையில. பேரம் பேச வழியில்லாதவன் போடுற கையெழுத்தும், பேசித் தீர்த்துட்டுப் போடுற கையெழுத்தும் ஒண்ணு இல்லை.

ஜான் மேலயும் குறை இருக்கு. எல்லாம் தன் சொல்லுப்படிதான்னு இருந்தார்ங்கிறது கூட இருந்தவங்க வருத்தம். அண்ணன் டாம் 1971-லயே பிரிஞ்சு போனார், 1990-ல் இறந்தும் போனார், கடைசி வரைக்கும் சரியா ஒட்டலை. பங்காளி மனஸ்தாபம் எங்கயும் ஒரே மாதிரிதான் போல.

ஆனா பெரிய நஷ்டம் வேற. கோபத்துல அந்தப் பழைய பாட்டுகளை வருஷக்கணக்கா அவர் மேடையில பாடவே இல்லை. பாடினா பணம் கம்பெனிக்குப் போகுமேன்னு வைராக்கியம். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனா விளைஞ்ச வயலைப் பூட்டி வச்ச மாதிரி ஆச்சு. 1987-ல்தான், நீ பாடலைன்னா 'பிரவுட் மேரி' டீனா டர்னர் பாட்டுன்னு ஆகிரும்னு பாப் டிலன் சொல்லி, மறுபடி பாட ஆரம்பிச்சார். டிலனுக்கு ஒரு கும்பிடு.

2004-ல் கம்பெனி கைமாறினதும் புது முதலாளிங்க ராயல்டி கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2023-ல் தன் பாட்டு உரிமையில பெரும்பங்கை அவரே திரும்ப வாங்கிட்டார். 2025-ல் அந்தப் பாட்டுகளை மறுபடி பாடிப் பதிவு பண்ணி ஒரு ஆல்பமும் போட்டிருக்கார். நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் நீங்க முதல்ல கேட்க வேண்டியது 1969-ல் வந்ததைத்தான். 'கிரீன் ரிவர்'ல ஆரம்பிங்க, ரெண்டரை நிமிஷம்தான் ஆகும்.