விசில் ஊத ஆள் இல்லையாம்... எப்படி இருப்பான்?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் மேட்ச்களுக்கு ரெஃப்ரி கிடைக்கவில்லை என்று பல வருஷமாகப் புலம்பல். 2018-19 சீசனுக்குப் பிறகு சுமார் 50,000 பேர், எல்லா விளையாட்டும் சேர்த்து, விலகிவிட்டார்கள் என்று 2022-இல் சொன்னது வேறு யாருமில்லை, அங்கே ஹைஸ்கூல் விளையாட்டுக்கு விதி எழுதும் தேசியக் கூட்டமைப்பான என்.எஃப்.ஹெச்.எஸ்.

சரி, வேலையில் சேர்வது கஷ்டமோ? அதுதான் இல்லை மக்களே. பாஸ்கெட்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சங்கத்தில் பணம் கட்டிப் பதிய வேண்டும். பெரும்பாலும் கிரிமினல் ரெக்கார்டு பார்ப்பார்கள். விதிகளில் ஒரு பரீட்சை, பல மாநிலங்களில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் (நம்ம யுனிவர்சிட்டி காதில் விழட்டும்!). அப்புறம் பயிற்சி வகுப்பு. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கறுப்பு பேண்ட், கறுப்பு ஷூ, விசில், எல்லாம் சொந்தக் காசு. விசில் என்றதும் ஞாபகம் வருகிறது... உள்ளே உருண்டை இல்லாத ஃபாக்ஸ் 40 விசிலை உருவாக்கிய கனடாக்காரர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்டும் பாஸ்கெட்பால் ரெஃப்ரிதான். முக்கியமான மேட்சில் உருண்டை சிக்கி விசில் ஊமையாகிவிட்ட கடுப்பில் பிறந்த பிசினஸ் அது!

நம்ம பி.காம் கண்ணோட்டத்தில் பார்த்தால் இவர் ஊழியரே இல்லை, கான்ட்ராக்டர். மேட்சுக்கு இவ்வளவு என்று கூலி. பெட்ரோல் அவர் செலவு. சம்பளத்தை ஏற்று, ஆள் தானாக வருவான் என்பார்கள். ஏற்றட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஆள் வராதது பிரச்சினை இல்லை, வந்தவன் நிற்காததுதான் பிரச்சினை. என்.எஃப்.ஹெச்.எஸ். தலைவி கரிஸ்ஸா நீஹாஃப் 2019 ஜனவரியில் பெற்றோர்களைக் கொஞ்சம் அடங்கச் சொல்லி எழுதிய கட்டுரையில் கணக்கே கொடுத்தார். புது நடுவர்களில் 80 சதவீதம் பேர் இரண்டே வருஷத்தில் ஓடிவிடுகிறார்கள். விலகியதற்கு முதல் காரணம், பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம்.

பசங்க இல்லை ஐயா, பெரியவங்க!

புதுசாக வந்தவனுக்குக் கிடைப்பது ஜூனியர் மேட்ச். சின்ன ஜிம். கேலரிக்கும் கோட்டுக்கும் நாலடி தூரம், திட்டுவது ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். அங்கே பிளாக்கா சார்ஜா என்று அரை செகண்டில் சொல்ல வேண்டும். தடுப்பவன் முதலில் இரண்டு காலும் தரையில் ஊன்றி எதிராளியைப் பார்த்து நின்றானா? அதற்கப்புறம் அவன் பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம், அசையாமல் நிற்க வேண்டும் என்று விதியே இல்லை. மூன்றாம் வரிசை அப்பாவோ "அவன் நகர்ந்தான்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். கூடைக்கு அடியில் என்.பி.ஏ.வில் இருக்கும் அரைவட்டம் ஹைஸ்கூல் விதியில் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியாது. டிவியில் பார்த்தாராம்!

இந்தத் தீர்ப்பு புத்தகத்தில் வராது, நூறு மேட்ச் ஊதினால்தான் கண்ணுக்குப் பழகும். இருபதாவது மேட்சிலேயே துரத்திவிட்டால் அடுத்த வருஷம் அதே ஜிம்முக்கு வருவது இன்னொரு புதுமுகம். மறுபடி தப்பு, மறுபடி கத்தல். நல்ல ரெஃப்ரி இல்லையே என்று அழுவதும் இதே அப்பாதான்.

டிக்கெட் வாங்கியிருக்கிறேன், கத்துவேன் என்பது அடுத்த வாதம். டிக்கெட் மேட்ச் பார்க்க. பத்தொன்பது வயசுக் கல்லூரிப் பையனைத் திட்ட எந்தக் கவுண்டரில் டிக்கெட் விற்றார்கள்? என்.பி.ஏ. ரெஃப்ரி தாங்குகிறாரே என்றால், அவருக்கு அது முழுநேரத் தொழில். இவன் நாளைக் காலை கிளாஸுக்குப் போக வேண்டியவன்.

எனக்கு அப்பாக்களைவிடப் பள்ளி நிர்வாகத்தின் மேல்தான் கோபம். கோச் வாய் நீண்டால் ரெஃப்ரி டெக்னிக்கல் கொடுக்கலாம், இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்கு. கேலரியில் இருப்பவரை வெளியே அனுப்புவது மேட்ச் நடத்தும் பள்ளியின் பொறுப்பு. அந்தப் பள்ளிக்காரர் பாப்கார்ன் பக்கம் திரும்பி நிற்கிறார், நன்கொடை தரும் பெற்றோரைப் பகைத்துக்கொள்ள முடியுமா! முதல் கெட்ட வார்த்தைக்கே மேட்சை நிறுத்தி, அந்த ஆள் கார் பார்க்கிங் போய்ச் சேரும் வரை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். மகன் பெஞ்சிலிருந்து பார்க்கட்டும்.