கையும் திரளணும், தொப்பையும் கரையணும்!

காலேஜ் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போதெல்லாம் சமையலறைக்கு ஒரு புதுத் தலைவலி வந்து சேர்ந்திருக்கிறது. "அம்மா, எனக்குச் சாதம் வேண்டாம்", "அம்மா, தினம் எட்டு முட்டை வேணும்", "அம்மா, பவுடர் டப்பா வாங்கக் காசு கொடு" என்று நாளுக்கொரு உத்தரவு! காரணம் ஜிம்.

எங்கள் பெரியவனும் போன வருஷம் சேர்ந்தான். இருபது வயது, 71 கிலோ. கையும் காலும் குச்சி மாதிரி. வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கும். நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இதுதானே உடல்வாகு? அங்கே ஒருவர், "முதல்ல ஆறு மாசம் நல்லாத் தின்னு எடையை ஏத்து, அப்புறம் இளைச்சுக்கலாம்" என்றாராம். இன்னொருவர், "முதல்ல தொப்பையைக் கரை, கை அப்புறம் தானா வரும்" என்றாராம். இவன் இரண்டாமவர் பேச்சைக் கேட்டு ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினான். நான் கெஞ்சியும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் தலைசுற்றி ஜிம்மிலேயே உட்கார்ந்துவிட்டான். எடை குறைந்தது வாஸ்தவம். ஆனால் மெலிந்தது கைதான். வயிறு அப்படியே இருந்தது!

எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். "தம்பி, வருஷக்கணக்கா பயிற்சி செய்து உடம்பு இறுகினவங்களுக்குத்தான் இதா அதான்னு பிரிச்சுச் செய்ய வேண்டியிருக்கும். உன்னை மாதிரி புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். பட்டினி மட்டும் கிடக்காதே" என்றார். அவர் விளக்கியதை நம் வீட்டுக் கணக்காகவே சொல்கிறேன்.

கொழுப்பு என்பது உடம்பின் சேமிப்புப் பணம். மாத வரவு கொஞ்சம் குறைந்தால் சேமிப்பில் கை வைக்கிறோம் அல்லவா? அது போலச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தால் உடம்பு கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும். வரவே நின்றுபோனாலோ, கதவையும் ஜன்னலையும் விற்கும் நிலை வந்துவிடும். பட்டினியில் தசை கரைவது அப்படித்தான். ஆகவே நினைவில் வைக்க வேண்டியவை மூன்று: கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், புரதத்தைக் கூட்ட வேண்டும், தசைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

முதலாவது, குறைப்பது. தினம் 300 கலோரி குறைத்தால் போதும். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 20. நாலு வேளை காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் அதுவே 160! தாளிப்பில் ஒரு கரண்டி எண்ணெய், காபியில் சர்க்கரை இரண்டையும் விட்டாலே கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். வாரம் கால் கிலோ குறைந்தால் திருப்திப்படுங்கள். அவசரம் கூடாது.

இரண்டாவது, புரதம். சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்பது நம் நாட்டுக் கணக்கு. தசை வளர்க்கிறவர்களுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். இட்லியும் சாதமும் ரசமும் மட்டும் என்றால் இது தேறாது. எங்கள் வீட்டில் இப்போது ஓடும் ஒரு நாள் பட்டியல் இதோ:

காலை: 60 கிராம் பச்சைப் பயறு ஊறவைத்து அரைத்த பெசரட்டு (14 கிராம் புரதம்), வேகவைத்த முட்டை 2 (12).
மதியம்: அளவாகச் சாதம் (6), 40 கிராம் பருப்பு போட்ட கெட்டிக் கூட்டு (9), ஒரு கிண்ணம் தயிர் (6).
மாலை: 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் (8).
இரவு: சப்பாத்தி 2 (6), 30 கிராம் சோயா உருண்டை போட்ட குருமா (15), ஒரு டம்ளர் பால் (6).

கூட்டிப் பாருங்கள், 82 கிராம்! பெரியவனுக்கு மட்டும் இன்னும் இரண்டு முட்டையும் ஒரு பிடி வேர்க்கடலையும் சேர்ப்பேன், 100 தாண்டிவிடும். பவுடர் டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த புரதம்தான். சாப்பாட்டிலேயே கிடைக்கும்போது ஆயிரக்கணக்கில் செலவு எதற்கு?

மூன்றாவது, தசைக்கு வேலை. "அது பிள்ளைகள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்கிறீர்களா? இரண்டு வருஷம் முன்பு என் மாமியார் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தார். எலும்பு தப்பியது. ஆனால் தரையிலிருந்து தானாக எழுந்திருக்கத் தொடையில் பலமில்லை. நாங்கள் வரும் வரை ஒரு மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்தார். முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு தசை குறையும் என்று டாக்டரம்மா சொன்னபோது, எனக்கு அந்தக் காட்சிதான் கண்முன் வந்தது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதும் தசைதானாம். சர்க்கரை வியாதி உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்று முதல் நானும் பிள்ளையோடு சேர்ந்துகொண்டேன். எனக்கு வயது 43. "வீட்டில் பயில்வான் அம்மா!" என்று என்னவர் சிரித்தார், சிரிக்கட்டும்! நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது, அவ்வளவுதான். மூச்சை அடக்காமல் 8 தடவை, இப்படி மூன்று சுற்று. வாரம் மூன்று நாள். நடுவில் ஒரு நாள் ஓய்வு. 8 எளிதானால் 10, 12. அதுவும் எளிதானால் எடையைக் கூட்ட வேண்டும். இதில்தான் சூட்சுமமே. ஒரே பாட்டிலை ஒரு வருஷம் தூக்கினால் தசை வளராது.

மிஷின் இல்லாமல் முடியுமா என்று சந்தேகமா? 1952-ல் தம் உயரப் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற வங்காளத்து மனோகர் ஆய்ச், ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். வெள்ளைக்காரர் காலத்தில் சிறையில் இருந்தபோது கருவிகள் இல்லாமலே பயிற்சி செய்தவர். 104 வயது வரை வாழ்ந்து 2016-ல் காலமானார்.

இன்னொன்று: எடை மிஷினை மட்டும் நம்பாதீர்கள். கொழுப்பு இறங்கித் தசை ஏறும்போது முள் நகராது; மனம் சோர்ந்துவிடும். இஞ்சு டேப்பால் தொப்புள் மட்டத்தில் வாரம் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருப்பது நல்லது. நாலு மாதத்தில் என் எடை ஒரு கிலோதான் குறைந்தது; இடுப்போ 89-லிருந்து 84! பெரியவனுக்கு 95 இருந்தது 89 ஆகி, சட்டைக் கையும் இறுக்கமாகிவிட்டது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது இளைப்பதற்காகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு, முக்கியமாக ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டர் சரி என்ற பின்பே ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. எல்லோருக்கும் தூக்கம் முக்கியம். தசை வளர்வது ஓய்வில்தான்.

பிள்ளைக்கு முட்டை உரிக்கும்போது உங்களுக்கும் ஒன்று உரித்து வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. வீட்டைத் தூக்கி நிறுத்துகிறவளுக்கும் தசை வேண்டுமே!